கடைசி ரூமுக்கு வேண்டாம்

"வைஃபையைச் சுத்தமா நிறுத்திடுங்க. வயர் மட்டும் போதும்."

பிராட்பேண்ட் மாட்ட வந்த டெக்னீஷியன் அந்த வீட்டம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். பதினொரு வருஷ சர்வீஸில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

கட்டும்போதே சுவருக்குள் வயர் ஓட்டி, ரூமுக்கு ஒரு சாக்கெட் வைத்த வீடு. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. நாலு ரூம் வயரும் அதற்குள்தான் வந்து முடிந்தன. ரூட்டரை அங்கேயே பொருத்தினான்.

"டிவிக்காக ஹாலுக்கு ஒண்ணு. பொண்ணு படிக்கிற ரூமுக்கு ஒண்ணு. என் தையல் ரூமுக்கு ஒண்ணு. அந்தக் கடைசி ரூமுக்கு வேண்டாம்."

"நாலுக்கும் குடுக்கலாம்மா. ஒரு நிமிஷ வேலைதான்."

"வேண்டாம்னா விடுங்களேன். அது இவரு நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்கற ரூம்."

'இவரு' சோபா நுனியில், விருந்தாளி மாதிரி ஒட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பழைய பட்டன் போன். அந்தம்மா கையிலோ அகலமான புது போன்.

டெக்னீஷியனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ராத்திரியெல்லாம் கண் முழிச்சு உழைக்கிற மனுஷன். அவருக்கு ஒரு வயர் கிடையாதாமே!

"சாரும் இந்த வீட்டுலதானேம்மா இருக்காரு?"

"நீங்க வந்த வேலையைப் பாருங்க," என்று வெட்டிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மூன்று வயரைச் சொருகினான். மூன்று பச்சை விளக்கும் எரிந்தன. நாலாவது வயரைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலை இறக்கினான்.

"சார், இதையும் சொருகிட்டுப் போயிடறேன். பெட்டியை மூடிட்டா மேடத்துக்குத் தெரியவே தெரியாது. இதுகூடச் செய்யலேன்னா நான் என்ன ஆம்பளை?"

அவர் எழுந்து வந்தார். அவன் கையிலிருந்த வயரை மெதுவாக வாங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தார். பெட்டியைச் சாத்தினார்.

"வேண்டாம் தம்பி. இதைச் சொன்னதே நான்தான். வந்தவங்க முன்னாடி என் மானம் போயிடக் கூடாதேன்னு, அவ தன் தலையில போட்டுக்கிட்டுப் பேசறா."

"எதுக்கு சார்?"

"போன்லயும் கம்ப்யூட்டர்லயும் சீட்டாட்டம். வேலைக்குக்கூடப் போகாம, சோறு தண்ணி இல்லாம ஆடிக்கிட்டிருந்தேன். பெத்த பொண்ணு என்னைப் பார்த்தாலே ரூம் கதவைச் சாத்திக்கும். இப்போ அவளே வந்து, கணக்கு சொல்லிக்குடுங்கப்பான்னு கூப்பிடறா." அதுவரை கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. "அந்த ஆட்டத்தைத் தொட்டு நூறு நாள் ஆச்சு தம்பி. நூறு நாள்!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நூறில்ல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நூத்தி மூணு!"