பென்னி விழுந்தால்

“ஒருத்தர் ‘த பென்னி ட்ராப்ட்’னு சொன்னா என்ன அர்த்தம், சார்?”

பேச்சுப் பயிற்சி தரும் பெண் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காசு விழுந்தது என்பதல்ல அதன் அர்த்தம். இவ்வளவு நேரம் புரியாதது இப்போது சட்டென்று புரிந்துவிட்டது என்று அர்த்தம். அது மனைவிக்கே தெரியும். சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

இருபத்தாறு வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொன்னது ஒரு நூல் பிசகாமல் அடுத்த மொழிக்குப் போய்ச் சேரும் என்று பேர் வாங்கியவர்.

பக்கவாதம் வந்து ஆறு வாரம். கைக்குப் பலம் திரும்பிவிட்டது. பேச்சும் தத்தித் தத்தி வந்துவிட்டது.

ஆனால் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பிடிபடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சிலருக்கு எல்லாமே நேர் அர்த்தத்தில் நின்றுவிடுமாம். கிண்டல்கூடப் புரியாதாம்.

இன்றைய அறிக்கையைப் பார்த்துத்தான் அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“விழுந்தா... குனிஞ்சு எடுத்துக்கணும்.”

பயிற்சிப் பெண் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தாளில் ஏதோ குறித்தாள்.

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவி அவர் கையைப் பிடிக்கத் திரும்பினாள்.

அவருடைய இடது புருவம் மேலே ஏறி நின்றது.

சாப்பிடும்போது ஒரு மொக்கை ஜோக்கை எடுத்துவிட்டு, இவள் எப்போது வெடிப்பாள் என்று காத்திருப்பாரே, அந்தப் புருவம். உதட்டோரம் சிரிப்பை அடக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எதுல விளையாடுறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமாங்க உங்களுக்கு? பாதி உசுரு போயிடுச்சு எனக்கு!”

பயிற்சிப் பெண் குனிந்து, குறித்ததை அடித்தாள். அவள் தோள் குலுங்கியது.

மனைவி நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவரிடம் பூப்போலப் பேசிவந்தவள், கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து, வாயாரத் திட்டத் தொடங்கினாள்.

அவர் ஒரு வார்த்தை விடாமல் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.