கூரையா, பின்சுவரா?

என் வீட்டுக் குட்டித் தியேட்டரில் ஐந்து ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. படத்தில் குண்டு வெடித்தால் எங்கள் தோ பாயோ அடுக்குமாடியே ஓர் அங்குலம் நகர்ந்து உட்காரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது போதுமா? அடுத்த ஜோடியைக் கூரையில் மாட்டினால் ஹெலிகாப்டர் என் வழுக்கைக்கு மேலேயே பறக்குமே!

“கூரையில மாட்டுனா, மேல்வீட்டு பூன் கெங் உங்களை மாட்டி விட்டுருவாரு. பேசாம பின்சுவத்துல மாட்டுங்க,” என்றாள் மனைவி கோமளா.

அதுவும் நியாயம்தான். சனிக்கிழமைதோறும் பூன் கெங் லிஃப்ட்டில் என்னை மடக்கி, “அங்கிள், இன்னிக்கு எந்தச் சேனல்? எத்தனை மணிக்கு?” என்று விசாரித்துக் கைப்பேசியில் குறித்துக்கொள்வார். புகாருக்கு ஆதாரம் சேர்க்கிறார்! புகார் மட்டும் போனால், இருக்கிற ஐந்தையும் கோமளா மூட்டை கட்டிவிடுவாள்.

அன்று மாலை அவரே வந்து கதவைத் தட்டினார். கழுத்தில் மருத்துவப் பட்டை வேறு போட்டிருந்தார்.

“அங்கிள், உங்க ஸ்பீக்கர் விஷயமாப் பேசணும்.”

“கூரையைத் தொடவே மாட்டேன்! பின்சுவத்துலதான் மாட்டப்போறேன்!” என்று முந்திக்கொண்டேன்.

“ஐயோ, அப்படிச் செஞ்சிடாதீங்க லா! கூரையிலயே மாட்டுங்க. எங்க டிவியில சத்தம் போயி மூணு மாசமாச்சு. நீங்க வைக்கிற சேனலையே நாங்களும் வெச்சு, குடும்பத்தோட தரையில காதை ஒட்டிக்கிட்டுப் படம் பாக்குறோம். எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு.”



அவர் கோமளா பக்கம் திரும்பினார். “ஆன்ட்டி, நீங்களும் நடுவுல சேனலை மாத்தாதீங்க. போன வாரம் ஹீரோ மண்டிபோட்டு, காதலி கையைப் பிடிச்சு, ‘வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கவும்’னுட்டான்.”