சாந்தமான சாதி மீன்

"இந்த முறை வாலையே திண்டிட்டு, தம்பி."

ஹயாத்து முகம்மது கதிரையை விட்டு எழும்பாமலே கண்ணாடித் தொட்டியைக் காட்டினார்.

தொட்டியின் மூலையில், செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் சரிந்து நின்றது. அதன் வால் நூல் நூலாகக் கிழிந்திருந்தது.

கடித்த மீன் நடுவில் நின்றது. மஞ்சள் உதடு, கண்ணுக்கு மேல் நீலக் கோடு, உள்ளங்கை அளவு உடம்பு. ஒன்றும் தெரியாதது போல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அதை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அஸ்ஜத்தான். கற்பிட்டிக் கடலில் சுழியோடி, அழகு மீன்களை உயிரோடு பிடித்துக் கொழும்புக்கு அனுப்புவது அவன் தொழில்.

"சாந்தமான சாதி, ஹாஜியார். ஆரோடயும் சண்டைக்குப் போகாது" என்று சொல்லித்தான் அன்று அதைத் தொட்டியில் விட்டான்.

அதன் பிறகு வாரம் தவறாமல் இந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவனும் வாரம் தவறாமல் வந்தான்.

"முதல்ல காயப்பட்டத வெளிய எடுப்போம்" என்று சட்டைக் கையை மடித்தான்.

றிஸ்லா அதற்குள் ஒரு வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி, காற்று மோட்டரையும் போட்டுவிட்டாள். ஹாஜியாரின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சிரிக்கவே இல்லை என்றாள், இன்னொருவர் சும்மா சும்மா சிரிக்கிறார் என்றாள். யாருக்கும் அவள் ஓம் சொல்லவில்லை.

"வலை வேணாமா?"

"வலையில பட்டா மிச்சத் தோலும் போயிரும். கோப்பையால அள்ளுவோம்."

அவன் அள்ளினான். அவள் வாளியைக் கிட்டப் பிடித்தாள். கோப்பை வாளிக்குள் இறங்க, தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்தது.

ஹயாத்து முகம்மது தன் தேத்தண்ணியை ஊதினார்.

"பிழைக்குமா?" என்றாள் றிஸ்லா.

"தனிய வெச்சி மருந்து விட்டா வால் வளரும். ஆனா மற்றவன் வெளிய இரிக்கிற வரைக்கும் திரும்ப விட ஏலாது." அவன் தொட்டியைப் பார்த்தான். "நான் அவன அடைச்சிட்டுத்தானே போனேன்?"

போன தடவை கடிக்கிற மீனை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தான். மூடியைத் தங்கூசி நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

இப்போது பெட்டி வெறுமையாக மிதந்தது. தங்கூசி தொட்டிக்குப் பக்கத்தில், அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அஸ்ஜத் தங்கூசியைப் பார்த்தான். பிறகு றிஸ்லாவைப் பார்த்தான்.

"தானா அவிழ்ந்திச்சி போல" என்று அவள் வாளியிடம் சொன்னாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூச்சுப் பிடித்து ஆழம் போய், மேலே வர நேரமாகிவிட்டால் நெஞ்சு அடிக்குமே, அப்படி அடித்தது அவனுக்கு.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்ட குடும்பம் அவனுடையது. அவன் பிறந்ததே ஆலங்குடா முகாமில்தான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஊரில் சிலருக்கு அவர்கள் அகதி ஆட்கள். இந்த வீட்டில் பெண் கேட்கலாமா என்று அவன் மாமா ஒருநாள் கல்யாணத் தரகரிடம் கேட்டுப் பார்த்தார். உப்பளம் வைத்திருக்கிறவர் வீட்டு வாசலுக்குப் போக உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று அந்த மனிதர் சிரித்தார்.

அஸ்ஜத் தொட்டிக்குள் கையை விட்டு, கற்களை இடம் மாற்றினான். "இடம் மாறினா, இது என்ட இடம் எண்ட திமிர் கொஞ்சம் குறையும். முகம் பாக்கிற கண்ணாடி ஒண்டு இரிக்கா?"

றிஸ்லா தன் அறைக்குள் போய்க் கொண்டுவந்தாள். அவன் அதை மற்றக் கையால் வாங்கி, தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தான்.

மீன் தன்னையே கண்டது. செட்டையை விரித்துப் பாய்ந்து முட்டியது. பின்னால் போய், திரும்பவும் வந்து முட்டியது. மற்ற மீன்களை அது அடியோடு மறந்துபோயிற்று.

றிஸ்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஹயாத்து முகம்மது கோப்பையைக் கீழே வைத்தார். "இப்பிடி எத்தின நாளைக்கி?"

"கொஞ்ச நாளைக்கி, ஹாஜியார். நான் வந்து வந்து பாக்கிறன்."

"வந்து வந்து" என்றார் அவர். தாடியைத் தடவினார். "எதுக்கு இவ்வளவு கரைச்சல்? பேசாம இதக் கொண்டுபோய்க் கடல்ல விட்டா என்ன?"

"வேணாம்."

இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

றிஸ்லா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். வாளி பாரமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

ஹயாத்து முகம்மது எழும்பி வந்து, தொட்டிக்கு முன்னால் குனிந்தார். கண்ணாடியோடு மல்லுக்கு நிற்கிற மீனை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, நான் உப்புக்கு வந்தது பிறகு. எங்கட வாப்பா வலைக்காரர். நான் சின்ன வயசில கடலுக்குப் போனவன்."

"ஓம், ஹாஜியார்."

"இது கிளாத்தி, வலையையே கடிச்சிப் பிய்க்கிற சாதி. கற்பிட்டியில பொறந்த எனக்கு அதத் தெரியாதா?"

அஸ்ஜத்தின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"அண்டைக்கி நீங்க பையில கொண்டுவரக்குள்ளயே கண்டன். எவ்வளவு தூரத்துக்குப் போகுது பாப்பம் எண்டுதான் வாங்கி விட்டன். மூடி அவிழ்ந்ததையும் கண்டன்." அவர் மகளின் பக்கம் திரும்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கிறதுக்கிடையில எல்லா மீனும் மவுத்தாயிரும் போல இரிக்கி."



அவர் மெல்லப் போய்த் திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க. உம்மாவையும் கூட்டிக்கொண்டு." கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். "அவ தேத்தண்ணிக்கிச் சீனி பாவிப்பாவா?"