அண்டி ஆபீஸில் ஏச்சுக்குத் தடை

காலங்காத்தாலே, நாலு பேர் பார்க்க, வேலை செய்யும் இடத்து வாசலில் நின்று ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா?

ஜின்சி வாரத்தில் மூன்று நாளாவது வாங்குவாள்.

குழித்துறைப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலைக்கு அங்கே அதுதான் பேர்), முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலை அவளுக்கு. எட்டு மணிக்கு கேட்டுக்குள் இருக்கணும். மகளை ஏற்றிப்போகும் எல்.கே.ஜி. வேன் பாதி நாள் எட்டு மணிக்குத்தான் வீட்டு முக்குக்கே வரும். ஏற்றிவிட்டு ஓடி வந்தால் எட்டேகால்.

கேட்டில் சூப்பர்வைசர் வியாகுலம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"ஏட்டி, எட்டுக்கு வரச் சொன்னா எட்டேகாலுக்கு வாற. உனக்க கல்யாணத்துக்கும் இப்பிடித்தான் போனியா? தாலி கெட்டி முடிஞ்சு, சோறு விளம்பத் தொடங்குனப்பவா?"

உரிப்பு ஷெட்டே சிரிக்கும். சத்தம் பொறுக்காமல் மேனேஜர் பிரதீஷ் வெளியே வருவார்.

"போதும்க்கா, விடுங்க. பாவம், உள்ள போகட்டும்."

ஜின்சி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடுவாள்.

போன மாசம் பிரதீஷ் சார் நாகர்கோவிலில் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வந்ததும் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்.

"தொழிலாளி மனசு சந்தோஷமா இருந்தாத்தான் பருப்பு உடையாம வரும். மனசுல உள்ள குறையை எழுதிப் போடுங்க. பேரு வேண்டாம்."

சனிக்கிழமை திறந்தார். நாற்பது சீட்டு. முப்பத்தொன்பதில் வியாகுலம்மாளின் வாய். அதில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது ஜின்சி. மிச்சம் ஒன்றில், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இருந்தது. அதை சார் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வியாகுலம்மாளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்.

"இனி ஏச்சே கூடாதுக்கா. யாரு வந்தாலும் இதைத்தான் சொல்லணும்."

திங்கட்கிழமை ஜின்சி எட்டேகாலுக்கு வந்தாள். வியாகுலம்மாள் தாளைப் பார்த்து வாசித்தாள்.

"இனிய காலை வணக்கம். உங்கள் உழைப்பு எங்கள் பெருமை."

பல் வலிக்கு மருந்து வைத்தவள் மாதிரி இருந்தது முகம். ஜின்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்களுக்கும் வணக்கம்க்கா."

அதற்குள் பிரதீஷ் சார் வந்துவிட்டார். சிரித்த முகத்தோடேதான் வாட்சைப் பார்த்தார்.

"நேரமாச்சேம்மா. சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு நேரத்தோட வாங்க."

அன்றைக்கு வேலை போச்சு. பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சி, மகளை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு நேரத்துக்கு ஓடி வந்தாள்; அவள் ஊரில் இல்லாத அடுத்த வியாழன் மறுபடி அப்படியே. வணக்கம், பெருமை, வீடு.

மாசத்தில் மூன்றாவது தடவை திருப்பி அனுப்பினால் பேரையே வெட்டிவிடுவார்கள். அந்தச் சட்டம் முன்பே உண்டு. யாருக்கும் அதுவரை நடந்ததில்லை, அவ்வளவுதான்.

இருபத்தாறாம் தேதியும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை; போதாததுக்கு வேன் பஞ்சர். ஜின்சி கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது எட்டு இருபத்தஞ்சு. வியாகுலம்மாள் தாளை எடுத்தாள்.

"இனிய காலை..."

"அக்கா, அதை விடுங்க. இவ்வளவு நாளும் பிந்தித்தானே வந்தேன்? ஒருநாளும் திருப்பி அனுப்பல்லியே. இப்ப மட்டும் என்னக்கா?"

வியாகுலம்மாள் ஆபீஸ் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு வாயைத் திறக்கதுக்கு முன்னே நான் திறந்திருவேன். எனக்க ஏச்சைக் கேட்டா அவருக்கு உன்மேல பாவம் தோணும். தோணினா உள்ள விட்டுருவாரு. இருவது வருசமா வந்த அத்தனை மேனேஜரையும் இப்பிடித்தான்டி ஓட்டினேன். நீங்கதானே சீட்டு எழுதிப் போட்டிய."



ஆபீஸ் ரூம் கதவு திறந்தது. பிரதீஷ் சார் சிரித்த முகத்தோடு படியிறங்கத் தொடங்கினார்.

ஜின்சி சட்டென்று அந்தத் தாளைப் பிடுங்கிச் சோற்றுப் பைக்குள் திணித்தாள். தலையைக் குனிந்து, ஏச்சு வாங்கத் தோதாக நின்றுகொண்டு முணுமுணுத்தாள்:

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்க அம்மையையும் சேர்த்து நல்லா ஏசுங்க."