ராணி உட்கார்ந்த கல்

மலைக்கோட்டையில் பாதி தூரம் ஏறியதும் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கிளம்பும்போது, "உன்னால ஏற முடியுமா?" என்று கணவர் வாய் தவறிக் கேட்டதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் அரசர் காலத்துத் தோட்டம் பனியில் மிதந்தது. ரோஜாக்கள் மேகத்திலேயே பூத்தது போல இருந்தன.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்மா" என்று கணவர் கெஞ்சினார். அவள் மலையே உருகிவிடும்படி முறைத்தாள்.

அப்போது சுற்றுலாக் கூட்டத்தோடு ஒரு கைடு வந்தார். "அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க. இது ராணியோட கல். யாரும் உட்காரக் கூடாது."

"தம்பி, கதையெல்லாம் எதுக்கு? மேல கூட்டிட்டுப் போங்க" என்று கணவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

கைடு விடவில்லை. "உச்சிக்கு ஏறமாட்டேன்னு ராணி கோவிச்சுக்கிட்டு இங்கதான் உட்கார்ந்தாங்க. ராஜா ஆயிரம் யானையை விட்டு, உச்சியில இருந்த தோட்டத்தையே வேரோட இறக்கி, அவங்க காலடியில வெச்சாரு. காலங்காலமா எங்க கைடுங்க சொல்லிட்டு வர்ற வரலாறு!"

கூட்டம் சொக்கிப்போய் நின்றது. மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க இங்க கைடா இருந்தப்போ, கல்யாணமான புதுசுல, செருப்பு கடிச்சு நான் இந்தக் கல்லுல உட்கார்ந்தேனே... எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு நீங்க அவுத்துவிட்ட கதைதானே இது?"

"அன்னைக்கு நான் பத்து யானைதான் சொன்னேன்" என்று அவர் முனகினார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கல்லில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ராணி இன்னைக்கும் ஏறமாட்டா. மேல மிச்சம் இருக்கிற கோட்டையையும் இறக்கிட்டு வாங்க!"