நறுமுகையின் ஒரே நாள்

ஒருவர் தன் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் தேசியப் பூங்காவுக்குள் நடக்கலாம். அந்த ஒரு நாளுக்காக நானும் என் கணவர் இன்பாவும் ஒன்பது வருடம் காத்திருந்தோம். பத்து மாதக் குழந்தை நறுமுகையை மார்போடு கட்டிக்கொண்டு நான் நடந்தேன். "கைக்குழந்தையெல்லாம் கணக்குல வராது" என்று அடித்துச் சொன்னது இன்பாதான்.

பாதி மேட்டில் வழிகாட்டி போஜன் தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"பாப்பாவோட நாளும் இன்னிக்கோட முடிஞ்சுதுங்கம்மா. வாசல் கேட்டுல ரேகை பதியறப்ப அவ விரலையும் வச்சீங்களே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்பாவிடம் திரும்பினேன். "அவ வளந்து, காட்டைப் பாக்கணும்னு கேட்டா என்னங்க சொல்றது?"

இன்பா ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். நறுமுகையோ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாறை விளிம்பில் போஜன் கையை உயர்த்தினார். எதிர்ச் சரிவில் வரையாடுகள். குட்டிகளோடு இருபதாவது இருக்கும். எங்களோடு வந்த பதினோரு பேரும் அசையாமல் நின்றார்கள்.

இவளுக்கும் இந்த ஒரு நாள்தானே? கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைச் சுரண்டினேன். அசையவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"வேணாம்மா, விட்டுடுங்க" என்று கிசுகிசுத்தார் போஜன்.

முகத்தில் தெளித்தேன்.

கண்ணைத் திறந்தவள் என்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு வீறிட்டாள். அந்தச் சத்தம் மலையெல்லாம் எதிரொலித்து அடங்கியபோது சரிவில் ஒரு ஆடுகூட இல்லை.

இனி ஒருபோதும் இங்கே வர முடியாத பதினோரு பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.