பாலையாவின் முதுகுவலி

"உங்க சம்சாரமும் நீங்களும் ஒரே கட்டில்லதான் படுக்கிறீங்களா?" என்று ஸ்வர்ணலதா கேட்டாள். கேட்டது அடுத்தவள் புருஷனை, அதுவும் ஹால் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. யாரும் அவளை அடிக்க வரவில்லை; பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் மாடி ஹாலில் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தாம்பத்திய சங்கடங்களைப் பற்றி ஜனங்களிடம் கூச்சமில்லாமல் பேசுவது எப்படி என்பது பாடம். பேனரில் 'பாலியல் நலம்' என்றிருந்ததைப் பார்த்துப் பதறிய லாட்ஜ் மேனேஜர், பக்தர்கள் வந்துபோகிற இடம் என்று சொல்லி முதல் வார்த்தையின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டிருந்தார்.

பயிற்சியாளர் ஸ்ரீனிவாசராகவன், திருப்பதி மாட வீதிக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் லேசர் விளக்கு, வெட்கம் என்ற சமாசாரமே தன் ஜாதகத்தில் கிடையாது என்பதுபோல ஒரு பேச்சு. முந்தின நாள் 'அந்த விஷயம்' என்று முனகிய ஸ்வர்ணலதாவை எழுப்பி நிற்கவைத்து, "வெட்கப்படறவங்க பூ கட்டப் போகலாமே, இங்கே எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்று தேர்வு. தேறினால்தான் புத்தூரில் அவள் பார்க்கும் ஒப்பந்த வேலை நீடிக்கும். ஒருவர் ஆலோசகர், இன்னொருவர் பிரச்சினையோடு வந்தவர் என்று இருவர் இருவராக நடித்துக் காட்ட வேண்டும்.

முனிகிருஷ்ணன் தன் கேள்விகளையெல்லாம் சுவரைப் பார்த்துக் கேட்டான். தமிழ்ச்செல்வன் பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பவேயில்லை. "வாயில பூட்டு போட்டுண்டு பொறந்திருக்கேள் எல்லாரும்!" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்வர்ணலதாவோடு நடிக்க வேண்டியவள் ஜுரமென்று படுத்துவிட்டாள். "நானே வரேன்" என்று சார் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "நான் பாலையா. நகரியில தறி ஓட்டிக்கினுகீறேன். முதுகு வலிக்குது மேடம்" என்று அவர் ஆரம்பித்தார்.

முதுகுவலிக்காரரிடம் அவள் கட்டிலைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். யாரும் நேராக விஷயத்துக்கு வரமாட்டார்கள், தலைசுற்றல், முதுகுவலி என்று எதையாவது போர்த்திக்கொண்டுதான் வருவார்கள் என்பது சாரே நடத்திய பாடம்.

"கட்டிலு ஒண்ணுதான் மேடம். பேச்சுதான் இல்ல. நான் ஆத்துக்கு வந்தா அவ திரும்பிப் படுத்துண்டுடறா."

நகரி தறிக்காரர் 'ஆத்துக்கு' வந்ததில் ஹாலே குலுங்கியது. "சார், வேஷம் கலைஞ்சிபோச்சு!" என்று பின்வரிசையிலிருந்து வெங்கடம்மா கத்தினாள். சாரும் சிரித்துவிட்டு, "வூட்டுக்கு, வூட்டுக்கு" என்று திருத்திக்கொண்டார்.

ஸ்வர்ணலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எப்பலருந்து இப்பிடி?" என்றாள்.

"சுகர் வந்ததுலருந்து. என்னால முடியல மேடம். அவகிட்ட அத சொல்லல. நான் வேற எவளையோ நெனச்சிக்கினு இருக்கிறதா அவ நெனைக்கிறா. பொட்டிய கட்டிக்கினு அம்மா வூட்டுக்கே போயிடறேன்றா."

நேற்று முனகியவள் இன்று முனகவில்லை. எதிரே இருப்பது சார் என்பதே அவளுக்கு மறந்துபோனது. பாவம் இந்தப் பாலையா என்றுதான் இருந்தது.

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லீங்க. சுகர் இருக்கிற ஆம்பளைங்க நெறைய பேருக்கு விறைப்புல பிரச்சன வருது, அதுக்கு வைத்தியமும் கீது. ஆனா டாக்டருக்கு முன்னாடி உங்க சம்சாரத்துக்குத் தெரியணும். ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லன்னு அவங்க காதுல விழணும்."

"அவ மூஞ்சியப் பாத்தா வாய் வரமாட்டேங்குது மேடம்."

"அப்ப இங்க கூட்டிக்கினு வாங்க. நான் எடுத்துச் சொல்றேன்."

கைதட்டல் எழுந்தது. "யாக்டிங் சால பாகுந்தி சார்!" என்று நடிப்பைத் தெலுங்கில் மெச்சினாள் வெங்கடம்மா. மற்றவர்களுக்கெல்லாம் அந்த இடத்திலேயே மார்க்கைச் சொல்லி மானத்தை வாங்கிய சார், ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல், "டீ பிரேக்" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

"போச்சுடி! வந்தவரு தானா கேக்காம பொண்டாட்டிய கூப்பிடக் கூடாதுன்னு நேத்தே சொன்னாரே, மறந்துட்டியா?" என்று வெங்கடம்மா பயமுறுத்தினாள். ஸ்வர்ணலதா டீயை அப்படியே வைத்துவிட்டாள். வேலை போனால் நைனாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தவித்தபடி சாரைத் தேடிக்கொண்டு போனாள்.

அவர் மாடிப்படியில் தனியாக நின்றிருந்தார். "தப்புதான் சார். சம்சாரத்த கூப்பிட்டிருக்கக் கூடாது. வேணும்னா இன்னொருவாட்டி நடிச்சிக் காட்டறேன், ஃபெயில் மட்டும் போட்டுறாதீங்க" என்று படபடத்தாள்.

"நீ பாஸ்தாம்மா" என்றார் அவர். பிறகு மேலேயும் கீழேயும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஹால் அதிரப் பேசுகிறவரின் குரல் பக்கத்தில் நின்றவளுக்கே எட்டவில்லை; அவள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"நாளைக்கு அவளையும் அழைச்சுண்டு வரட்டுமா?"